ஸ்க்ரூ டிரைவரை எடுக்கும் முன்: ஹெட்செட் லென்ஸ் கோளாறை அறிகுறி வைத்துப் பிடிப்பது

படம் மங்கலாக இருக்கிறது, ஓரத்தில் நிறம் பிரிகிறது, அஞ்சு நிமிஷத்தில் தலை வலிக்கிறது என்று யாராவது சொன்னால் உடனே லென்ஸைக் கழற்றிவிடும் பழக்கம் எங்களுக்கும் இருந்தது. பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில் நான்கு பேர் சேர்ந்து மூன்று வருடமாக இந்த வேலையைச் செய்கிறோம். ஆதிச்சநல்லூர் முதுமக்கள் தாழியைக் கண்முன் நிறுத்திக் காட்ட வேண்டும் என்று தொடங்கியது, இப்போது முகத்தை மூடி மாட்டி, முழுக்கக் கணினிப் படத்தையே காட்டும் விஆர் ஒன்று, எதிரே இருப்பதன் மேல் படத்தைச் சேர்த்துக் காட்டும் மூக்குக்கண்ணாடி போன்ற ஏஆர் ஒன்று என இரண்டு கருவிகளாகிவிட்டது. இத்தனை நாளில் புரிந்துகொண்டதை ஒரே வரியில் சொல்கிறேன். இந்த ஒளியமைப்பின் கடைசி லென்ஸ் பார்ப்பவரின் கண், அது ஒருபோதும் சும்மா இருக்காது.

கேமராவில் சென்சார் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டு இருக்கும். இங்கே அப்படியில்லை. பக்கவாட்டில் 30 டிகிரி பார்த்தாலே கண்மணி சுமார் 5 மி.மீ. நகர்ந்துவிடுகிறது, ஏனென்றால் கண் சுழலும் மையம் கண்மணிக்குச் சுமார் 10 மி.மீ. பின்னால் இருக்கிறது. ஆகவே கோளாறு எதுவானாலும், கண்ணின் இடம் மாறும்போது அது கூடவே மாறுகிறதா, அப்படியே நிற்கிறதா என்பதுதான் முதல் கேள்வி.

அதற்கு நான்கு சோதனை போதும். ஹெட்செட்டை முகத்திலேயே இரண்டு மூன்று மி.மீ. இடம் வலமாகத் தள்ளிப் பாருங்கள். அப்புறம் முகத்தோடு அழுத்தியும் கொஞ்சம் விலக்கியும் பாருங்கள். ஒரு கண்ணை மூடிப் பாருங்கள், பிறகு மற்றதை. இவ்வளவும் செய்து விடை கிடைக்காவிட்டால் மட்டும் கழற்றி, வட்ட லென்ஸாக இருந்தால் 90 டிகிரி திருப்பி மாட்டிப் பாருங்கள். கோளாறும் சேர்ந்து திரும்பினால் குற்றம் லென்ஸில், திரும்பாவிட்டால் திரையிலோ, உள்ளே ஒட்டிய ஃபிலிமிலோ, எல்லாவற்றையும் தாங்கும் வெளிக் கூட்டிலோ. லென்ஸைத் திருப்பாமல் புது லென்ஸுக்கு ஆர்டர் போடுவது பணத்தைத் தாமிரபரணியில் போடுவது மாதிரி.

“எல்லாமே மங்கலாக இருக்கிறது”

எல்லா இடத்திலும் ஒரே அளவு மங்கலா, ஓரிடத்தில் மட்டுமா என்று முதலில் கேளுங்கள். எல்லா இடத்திலும் என்றால் பெரும்பாலும் திரைக்கும் லென்ஸுக்கும் உள்ள தூரம் பிசகியிருக்கும். திரை லென்ஸின் குவியத் தூரத்துக்குக் கொஞ்சம் உள்ளே இருக்க வேண்டும், அப்போதுதான் படம் ஒன்றரை, இரண்டு மீட்டர் தள்ளி இருப்பது போலத் தெரியும். இங்கே ஒரு கணக்கை மனப்பாடமாக வைத்துக்கொள்ளுங்கள். 40 மி.மீ. குவியத் தூரமுள்ள சாதாரண விஆர் லென்ஸில் திரை 1 மி.மீ. நகர்ந்தால் சுமார் 0.6 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) மாறும். அதையே, ஒளியை உள்ளேயே முன்னும் பின்னும் மடக்கிக் கனத்தைக் குறைக்கும் 20 மி.மீ. குவியத் தூரமுள்ள பேன்கேக் லென்ஸில் செய்தால் 2.5 டயாப்டர்! அதாவது 0.1 மி.மீ. பிசகினாலே கால் டயாப்டர், கண்ணாடிக்கடையில் பவர் ஏற்றி இறக்குகிற ஒரு படி அது. ஹெட்செட்டைச் சின்னதாக்க ஆசைப்படும் எல்லோரும் கொடுக்கிற விலை இதுதான். லென்ஸ் மெலிய மெலிய, கூட்டை வார்ப்பவர் மேல் உள்ள சுமை கூடும். முப்பரிமாண பிரின்டரில் கூடு அடித்துவிட்டு லென்ஸைத் திட்டிப் பயனில்லை.

அளக்க விலை உயர்ந்த கருவி வேண்டாம். கையால் ஃபோகஸ் செய்யும் கேமரா ஒன்றை எடுத்து, 2 மீட்டர் தள்ளிச் சுவரில் ஒட்டிய காலண்டருக்கு ஃபோகஸ் வையுங்கள். வளையத்தைத் தொடாமல், லென்ஸுக்குப் பின்னால் கண் வரும் இடத்தில் வைத்துப் படமெடுங்கள். திரைப் புள்ளிகள் கூர்மையாக விழுந்தால் உங்கள் படம் 2 மீட்டரில் இருக்கிறது. இல்லையென்றால் கூர்மை வரும்வரை வளையத்தைத் திருப்பி, அது எந்தத் தூரத்தில் நிற்கிறது என்று படியுங்கள்.

காலையில் தெளிவாக இருந்து மத்தியானம் மங்கினால் வெயிலைச் சந்தேகப்படுங்கள். அக்ரிலிக் லென்ஸ் சூடாகும்போது ஒளிவிலகல் எண் குறைகிறது, உடம்பும் விரிகிறது. 40 மி.மீ. லென்ஸில் 20 டிகிரி சூடு ஏறினால் குவியம் சுமார் 0.2 மி.மீ. தள்ளிப்போகும். அந்த லென்ஸில் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் வடிவமைக்கும்போது 25 டிகிரிக்கு மட்டும் கணக்குப் போட்டிருந்தால், சித்திரையில் நம் ஊரில் அந்தக் கணக்குக்கு மதிப்பில்லை.

ஓரிடத்தில் மட்டும் மங்கல் என்பதில் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். எங்கள் அத்தைக்கு மாட்டிவிட்டோம். “யய்யா, பானை அடி மட்டும் மங்கலாத் தெரியுதே, வாய் நல்லாத்தான் தெரியுது” என்றார்கள். திரை சாய்ந்திருக்கிறது என்று முடிவு கட்டி, இரண்டு நாள் அதைக் கழற்றி மாட்டினோம். மற்றவர்களுக்கு எந்தக் குறையும் இல்லை, அத்தைக்கு மட்டும் அப்படியே. கடைசியில் அவர்கள் மூக்குக்கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் கீழே பிறை வடிவக் கோடு தெரிந்தது. பைஃபோகல். கீழ்ப்பாதி வாசிப்பதற்கான பவர், பிளஸ் 2 கூடுதல். அதன் வழியே பார்த்தால் அரை மீட்டர் தெளியும், இரண்டு மீட்டரில் நிற்கும் தாழி தெளியாது. தூரப் பார்வை பவரில் தனி லென்ஸ் வெட்டி உள்ளே பொருத்தியதும் சரியானது. அன்றிலிருந்து ஹெட்செட்டை மாட்டிவிடும் முன் கண்ணாடி போடுவீர்களா, எந்தக் கண்ணாடி என்று கேட்காமல் இருப்பதில்லை.

“ஒரு பக்கம் இருட்டாக வெட்டுகிறது”

இது கண்மணி நிற்க வேண்டிய இடத்துக்கு வெளியே போய்விட்டதன் அடையாளம். அந்த இடத்துக்குத்தான் ஐபாக்ஸ் என்று பெயர். தள்ளிப் பார்க்கும்போது இருட்டு மறைந்தால், கண்களின் இடைவெளிக்கு ஏற்ப லென்ஸ் அமையவில்லை. பெரியவர்களுக்குச் சராசரி 63 மி.மீ., ஆனால் 54 முதல் 74 வரை ஆட்கள் இருக்கிறார்கள். சராசரிக்கு மட்டும் செய்துவிட்டு எல்லோரும் போடலாம் என்பது நியாயமில்லை. கல்லூரிப் பெண்கள் பலருக்கு எங்கள் முதல் மாடல் இப்படித்தான் வெட்டியது. அழுத்தினால் இருட்டு மறைகிறதென்றால் லென்ஸுக்கும் கண்ணுக்கும் தூரம் அதிகம், மூக்குப் பகுதியை மாற்றுங்கள். ஏஆர் கண்ணாடியில் ஐபாக்ஸைப் பெரிதாக்கினால் பார்வைப் புலமோ வெளிச்சமோ குறையும். இரண்டையும் ஒன்றாக வாங்கச் சின்ன லென்ஸில் இடமில்லை, அது இயற்கையின் கட்டுப்பாடு.

“தலையைத் திருப்பினால் எல்லாம் நெளிகிறது”

தாழியின் வாய் நல்ல வட்டம், அதைவிட நல்ல சோதனைப் பொருள் எங்களுக்குக் கிடைக்கவில்லை. நேராகப் பார்க்கும்போது வட்டமாக இருந்த வாய், கண்ணை ஓரத்துக்குக் கொண்டுபோனதும் முட்டை வடிவமாகிறது என்றால், அதை ஆங்கிலத்தில் ப்யூப்பில் ஸ்விம் என்பார்கள், கண்மணி நகர நகர உருவம் நீந்துவது. லென்ஸ் படத்தின் ஓரங்களை வெளியே இழுக்கும், அதைச் சமன் செய்ய நாம் திரையில் எதிர்ப்புறமாக உப்பிய படத்தைக் காட்டுகிறோம். அந்தத் திருத்தம் கண்ணின் ஒரே ஒரு இடத்துக்குப் போட்ட கணக்கு.

ஆனால் கணினி மெதுவாகப் படம் வரைந்தாலும் இதே மாதிரிதான் நெளியும், இரண்டையும் பிரிக்காமல் லென்ஸை மாற்றக் கூடாது. நாலு தடிப் புத்தகத்தை அடுக்கி மேலே தாடையை ஊன்றித் தலையை அசையாமல் வைத்துக்கொள்ளுங்கள். கட்டம் போட்ட படம் ஒன்றை, தலையசைவைப் பின்தொடராதபடி, திரையில் அப்படியே நிற்கவிடுங்கள். இப்போது கூட்டை மட்டும் 2 மி.மீ. பக்கவாட்டில் தள்ளுங்கள். கோடு வளைந்தால் லென்ஸ். கோடு நேராகவே நின்றால் கோளாறு மென்பொருளிலோ சென்சாரிலோ. லென்ஸ் என்று முடிவானால், வடிவமைப்பு மென்பொருளில் கண்மணியை நடுவில் மட்டும் வைத்துத் திருத்தாமல், ஐந்து ஆறு இடங்களில் வைத்துச் சேர்த்துத் திருத்துங்கள். நடுவில் கொஞ்சம் கூர்மை போகும். போகட்டும், நெளிவு இருக்கும் ஹெட்செட்டை யாரும் இரண்டாம் முறை மாட்ட மாட்டார்கள்.

“வெள்ளை எழுத்தில் சிவப்பும் நீலமும் ஓரம் கட்டுகிறது”

கறுப்புப் பின்னணியில் வெள்ளைச் சிலுவைக் குறிகளை நடுவில் ஒன்று, நாலு ஓரத்தில் நாலு என வையுங்கள். நடுவில் சுத்தமாக இருந்து, ஓரத்துக்குப் போகப் போக எல்லாப் பக்கமும் சமமாக நிறம் பிரிந்தால் லென்ஸ் பொருளின் இயல்பு அது. பாலிகார்பனேட்டின் அபே எண் சுமார் 30, அக்ரிலிக்குக்குச் சுமார் 57. எண் குறையக் குறைய நிறப் பிரிவு அதிகம். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனித் திருத்தம் மென்பொருளில் போட்டால் பெரும்பகுதி போய்விடும். நடுச் சிலுவையிலேயே ஒரு பக்கம் மட்டும் நிறம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது வேறு கதை, லென்ஸ் மையம் விலகியிருக்கிறது அல்லது சாய்ந்திருக்கிறது.

பேன்கேக் லென்ஸில் பலமான நிறப் பிரிவு தெரிந்தால் லென்ஸைத் தொடவே வேண்டாம். அதில் பெரும்பாலான பவர் கண்ணாடிப் பிரதிபலிப்பில் கிடைக்கிறது, பிரதிபலிப்பு நிறம் பிரிக்காது. பழைய லென்ஸின் திருத்தக் கோப்பு மென்பொருளில் அப்படியே தங்கிவிட்டதா என்று பாருங்கள். எங்களிடம் அதுதான் தங்கியிருந்தது.

“பளிச்சென்ற எழுத்தைச் சுற்றிக் கதிர் வீசுகிறது”

ஃபிரனல் லென்ஸ் (கனத்தைக் குறைக்க வளைவை வளையம் வளையமாகப் படி வெட்டிய லென்ஸ்) என்றால் அதன் படிகள்தான் காரணம். 1820களில் ஃபிரான்ஸில் கலங்கரை விளக்குக்காக உருவான லென்ஸ் அது, மணப்பாட்டுக் கடற்கரையில் விளக்கைப் பார்த்தவர்களுக்கு அந்தத் தேவை புரியும், எடை குறைவாக, வெளிச்சம் தூரமாகப் போக வேண்டும். கண்ணை ஓரங்குலத்துக்குள் வைத்துப் பார்க்க அதைச் செய்யவில்லை. 2016ல் வந்த ரிஃப்ட், வைவ் என்ற விஆர் ஹெட்செட் இரண்டிலும் ஃபிரனல் இருந்தது, இரண்டிலும் இந்தக் கதிர் இருந்தது. படியின் செங்குத்துப் பக்கத்தில் பட்டு ஒளி சிதறுகிறது. படியை அகலமாக்கினால் சிதறல் குறையும், வளையங்கள் கண்ணுக்குத் தெரியும். ரொம்பக் குறுக்கினால் ஒளி படி விளிம்பில் வளைந்து பரவுவதால் கூர்மை போகும்.

ஆனால் கதிர் நேற்று இல்லாமல் இன்று வந்திருந்தால் அது படி இல்லை, தலையில் தேய்த்த தேங்காய் எண்ணெய். நெற்றியிலிருந்து நுரைப் பஞ்சுக்கும், பஞ்சிலிருந்து லென்ஸுக்கும் வந்துவிடும். வேட்டி நுனியால் துடைக்காதீர்கள், அக்ரிலிக் கீறும். சானிடைசரும் ஸ்பிரிட்டும் கூடாது, வார்ப்பில் இறுக்கம் தங்கிய அக்ரிலிக்கில் முடி போன்ற விரிசல் விழும். ஒரு துளி சோப்புத் தண்ணீர், மைக்ரோஃபைபர் துணி, அவ்வளவுதான்.

“இன்னொரு மங்கல் உருவம் கூடவே வருகிறது”

பேன்கேக்கின் பெரிய நோய் இது, இதில்தான் எங்களுக்கு அதிக நாள் போனது. பேன்கேக்கில் ஒளி மூன்று முறை நடக்கிறது. பாதி ஒளியை விட்டுப் பாதியைத் திருப்பும்படி பூசிய கண்ணாடியைத் தாண்டிப் போய், கண் பக்கமுள்ள பிரதிபலிக்கும் போலரைசரில் (ஒரு திசையில் அதிரும் ஒளியை விட்டு மற்றதைத் திருப்பும் தகடு) பட்டுத் திரும்பி, மறுபடி பாதிக் கண்ணாடியில் மோதி, இந்த முறை போலரைசரைக் கடந்து கண்ணுக்கு வரும். பாதிக் கண்ணாடியை இரண்டு முறை சந்திப்பதால் அதிகபட்சம் கால் பங்கு வெளிச்சம்தான் மிஞ்சும். எந்தச் சுற்றில் திரும்புவது, எந்தச் சுற்றில் கடப்பது என்பதைத் தீர்மானிப்பது, ஒளி அதிரும் விதத்தை மாற்றும் குவார்ட்டர் வேவ் ஃபிலிம். அதன் வேலையில் சின்னப் பிசகு வந்தாலும் கொஞ்சம் ஒளி மடங்காமல் நேராகவே கண்ணுக்கு வந்துவிடும். அதுதான் அந்த இன்னொரு உருவம், பெரிதாகாமல், ஃபோகஸ் இல்லாமல், மங்கலாக.

முதலில் ஃபிலிம் சரியான பக்கமாக ஒட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். தியேட்டரில் கொடுக்கும் வட்டப் போலரைசர் 3டி கண்ணாடியை மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடி முன் நின்று ஒரு கண்ணை மூடுங்கள். திறந்த கண்ணுக்கு முன்னாலிருக்கும் பட்டை நிலைக்கண்ணாடியில் கறுப்பாகவும், மூடிய கண்ணின் பட்டை தெளிவாகவும் தெரியும். பிரதிபலித்ததும் ஒளியின் சுழற்சி திசை மாறிவிடுகிறது, அதே பட்டை அதை உள்ளே விடாது. பேன்கேக் நடக்கும் விதமும் இதே தந்திரம்தான். இப்போது அந்தப் பட்டையைத் திருப்பி, கண்ணைப் பார்த்த பக்கம் வெளியே வரும்படி வைத்தால் கறுப்பு போய்விடும். உங்கள் ஃபிலிமையும் போலரைசரோடு சேர்த்து இப்படி ஒரு முகம் பார்க்கும் கண்ணாடி மேல் வைத்துப் பாருங்கள், எது வெளிப்பக்கம், போலரைசருக்கு 45 டிகிரியில் சரியாக நிற்கிறதா என்று கறுப்பின் ஆழமே சொல்லிவிடும்.

ஃபிலிம் சரி என்றால் அடுத்தது பிளாஸ்டிக் லென்ஸ். கணினி மானிட்டரில் வெறும் வெள்ளைத் திரையை வையுங்கள், எல்சிடி என்றால் அதிலிருந்து வருவது போலரைஸ் ஆன ஒளி. முன்னால் ஒரு போலரைசர் தாளைப் பிடித்து, திரை கறுக்கும்வரை திருப்புங்கள். இரண்டுக்கும் நடுவில் லென்ஸைச் செருகுங்கள். நல்ல லென்ஸ் என்றால் கறுப்பு கறுப்பாகவே இருக்கும். எங்கள் முதல் வார்ப்பைச் செருகியபோது, பிளாஸ்டிக் உள்ளே பாய்ந்த வாய்ப்பக்கத்திலிருந்து மஞ்சள், ஊதா, பச்சை எனப் பட்டை பட்டையாக விசிறி மாதிரி விரிந்தது. பார்க்க அழகு, எங்களுக்கு வயிறு கலங்கியது. அந்த நிறம் தெரிகிற இடமெல்லாம் பிளாஸ்டிக்கில் இறுக்கம் உறைந்திருக்கிறது, அங்கெல்லாம் போலரைசேஷன் கெடுகிறது, இரண்டாம் உருவமும் அந்தப் பக்கம்தான் வலுவாக இருந்தது. லென்ஸை 90 டிகிரி திருப்பினோம், உருவமும் திரும்பியது. பாலிகார்பனேட்டில் இது மிக மோசம், அக்ரிலிக்கிலும் சைக்ளோ ஓலிஃபினிலும் குறைவு. பொருளை மாற்றினோம், அச்சில் மெதுவாக ஆறவிட்டோம், பின்பு 80 டிகிரியில் சில மணி நேரம் வைத்து அடுப்போடு ஆறவிட்டோம். விசிறி சுருங்கி வாய் ஓரத்தில் ஒரு நகக்கண் அளவுக்கு நின்றது, அதைப் படம் வராத இடமாகப் பார்த்துத் திருப்பி மாட்டிவிட்டோம்.

“அஞ்சு நிமிஷத்தில் தலைவலி”

ஒரு கண்ணை மூடினால் நிம்மதியாக இருக்கிறதா? ஆமாம் என்றால் பெரும்பாலும் இரண்டு படமும் மேலும் கீழுமாக விலகியிருக்கிறது. கண்கள் உள்பக்கம் தாராளமாகக் கூடும், மேல் கீழ் விலகலை மட்டும் தாங்கவே தாங்காது. 20 மி.மீ. லென்ஸில் திரை வெறும் 0.1 மி.மீ. ஏறி இறங்கினால் 17 கோண நிமிடம் (ஒரு டிகிரியில் 60 நிமிடம்), பௌர்ணமி நிலவில் பாதிக்கு மேல்! இரண்டு திரையிலும் ஒரே உயரத்தில் படுக்கைக் கோடு போட்டு, கண்ணை மாற்றி மாற்றி மூடுங்கள். கோடு குதித்தால் திரையை நகர்த்துங்கள், அல்லது அத்தனை பிக்சல் படத்தை நகர்த்துங்கள்.

கோடு குதிக்காமலே வலித்தால், பொருளை எவ்வளவு பக்கத்தில் காட்டுகிறீர்கள் என்று பாருங்கள். லென்ஸ் படத்தை 2 மீட்டரில் நிறுத்தியிருக்க, தாழியை 33 செ.மீ. தூரத்தில் காட்டினால் கண்கள் கூடுவது 33 செ.மீ.யில், ஃபோகஸ் ஆவது 2 மீட்டரில், இடையில் 2.5 டயாப்டர். அரை டயாப்டருக்குள் வைத்துக்கொள்வது நல்லது, அதாவது 1 மீட்டர் முதல் தொலைதூரம் வரை. பக்கத்தில் காட்டியே ஆக வேண்டுமானால் கொஞ்ச நேரம் மட்டும்.

“உள்ளே பனி மூடுகிறது”

தென்காசி, குற்றாலம் பக்கம் சாரல் நாளில் நிச்சயம் வரும். 28 டிகிரியும் 85 சதவீத ஈரப்பதமும் இருந்தால், 25 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எதன்மேலும் ஈரம் படியும். ஏசி காரிலிருந்து இறங்கிய லென்ஸ் அப்படித்தான். பெட்டியிலேயே பத்து இருபது நிமிடம் வைத்து வெளிச் சூட்டுக்கு வரவிடுங்கள். முகப் பக்கம் காற்று போக ஓட்டை இல்லாத கூடு என்றால் அதை மாற்றுங்கள்.

“ஏஆர் கண்ணாடியில் வானவில், வெயிலில் படமே இல்லை”

திரையை அணைத்துப் பாருங்கள். வானவில் அப்போதும் இருந்தால் அது வெளி வெளிச்சம், மேலே இருக்கும் டியூப்லைட்டோ சூரியனோ வேவ்கைடின் (படத்தின் ஒளியைக் கண்முன் கொண்டுவரும் மெல்லிய கண்ணாடித் தகடு) நுண்கோடுகளில் பட்டுப் பிரிகிறது. தொப்பி விளிம்பு ஒன்று வைத்தாலே பாதி போகும். முழுதாகப் போக்க நுண்கோடுகளை நெருக்க வேண்டும், அதற்கு ஒளிவிலகல் எண் கூடிய கண்ணாடி கைகொடுக்கும். 2024ல் மெட்டா காட்டிய ஓரியன் கண்ணாடியில் சிலிக்கன் கார்பைடு போட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெளிச்சம் பற்றி: கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பங்களுக்கு மேல் விளக்கம் மிதப்பது போலக் காட்டிப் பார்த்தோம். மண்டபத்துக்குள் அருமையாக வந்தது. வெளியே வந்து வெயில் பட்ட வெள்ளைச் சுவரைப் பார்த்தோம், ஒரு எழுத்தும் இல்லை. வெயில் நேராகப் படும் அப்படிப்பட்ட சுவர் 20,000 நிட்டைத் (பளிச்சின் அலகு) தாண்டும், எங்கள் கண்ணாடி தந்தது சில நூறு. ஏஆரில் கறுப்பு என்று ஒன்று கிடையாது, இருக்கும் வெளிச்சத்தோடு நம் வெளிச்சத்தைக் கூட்டத்தான் முடியும், கறுப்பு என்று வரைந்தது வெறும் கண்ணாடியாகத் தெரியும். வெளியே போகும்போது முன்னால் கறுப்புக் கண்ணாடித் தகடு மாட்டுங்கள், எழுத்தை வெள்ளையிலோ பச்சையிலோ தடிமனாக வையுங்கள்.

எழுத்து தெரிகிறது, ஆனால் கூர்மையில்லை, கண்ணை நகர்த்தினாலும் அப்படியே என்றால் வேவ்கைடு தகட்டின் இரு பக்கமும் இணையாக இல்லை. 5 கோண விநாடி (60 விநாடி ஒரு கோண நிமிடம்) சாய்வு என்பது ஒன்றுமில்லை போலத் தோன்றும், ஆனால் ஒளி உள்ளே போய்வரும் ஒவ்வொரு சுற்றிலும் அதன் இரட்டிப்பு சேர்கிறது. பத்துச் சுற்றில் 100 விநாடி, கண் பிரித்தறியும் 1 கோண நிமிடத்தைத் தாண்டிவிட்டது. இதற்கு மேசை மேல் வைத்தியம் இல்லை, தகட்டை மாற்றத்தான் வேண்டும்.

“திரையில் புழு ஊர்ந்த மாதிரி கோடு”

தலை, கண், கூடு எதை அசைத்தாலும் பிக்சலோடு ஒட்டி நிற்கும் மஞ்சள் கோடு என்றால் சூரியன் சுட்டது. 40 மி.மீ. அகல லென்ஸ் 1 வாட்டுக்கு மேல் வெயிலை அரை மி.மீ.க்கும் சிறிய புள்ளியில் குவிக்கும். சூரியன் நகர நகரப் புள்ளியும் ஊர்ந்து கோடு இழுக்கிறது. எங்கள் இரண்டாவது மாடலை ஜன்னல் திண்டில் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம், வந்தபோது இரண்டு கண்ணிலும் ஒரே வளைவில் கோடு. திரையை மாற்றுவது தவிர வழியில்லை. இப்போது கறுப்புத் துணியில் இரண்டு மூடி தைத்து, பட்டையோடு நூலில் கட்டித் தொங்கவிட்டிருக்கிறோம். கழற்றியவர் மூடாமல் கீழே வைப்பதில்லை.